வெள்ளையாய் விட்ட இடம்

கோபன்ஹேகன்
மார்ச் 14

அன்புள்ள ரிக்மோர்,

தொலைபேசியை நீ எடுக்கவில்லை. மீண்டும் மீண்டும் அழைப்பது முறையாகாது என்பதால் கையால் எழுதுகிறேன். இது அலுவலகத் தாள் அல்ல, வீட்டிலிருந்த தாள். தபால்தலையும் என் செலவே.

சென்ற செவ்வாயன்று நோர்சுண்ட் மீன் ஏலக்கூடத்தில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நான் உன்னை "நீங்கள்" என்று விளித்தது குறித்து விளக்கம் தர வேண்டியிருக்கிறது. இந்நாட்டில் அரச குடும்பத்தாரைத் தவிர எவரையும் எவரும் அவ்வாறு விளிப்பதில்லை என்பதை அறிவேன். "மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் நீங்கள்" என்று நான் சொன்னதும் கூடத்தில் எழுந்த சிரிப்பும் என் காதில் விழுந்தது. கடல் காற்றாலைத் திட்டத்தை நடத்தும் அதிகாரிக்கும், அதுபற்றிக் கேள்வி கேட்கும் மீனவருக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தாக வேண்டும். அந்த இடைவெளியை ஒரே சொல்லில் காட்ட முயன்றேன்; நாவில் வந்தது அந்தச் சொல்.

நீ சுட்டுக் கொண்டுவந்த கேக்கை நான் தொடாததற்கும் காரணம் அதுவே. கருத்துச் சொல்ல வருபவர்களிடமிருந்து எதையும் பெறக் கூடாது.

என் அக்கா அவ்வூரில் படகு வைத்திருக்கிறாள் என்று இத்திட்டத்தை ஏற்ற அன்றே எழுதிக் கொடுத்திருந்தேன். சென்ற இலையுதிர்காலத்தில் உங்கள் துறைமுகத்தின் ஒன்பது படகுக்காரர்களும் மீன்பிடிக்கும் இடங்களை நீலப் பென்சிலால் வரைபடத்தில் குறித்துக் கொடுத்தீர்கள் அல்லவா? பன்னிரண்டு மீட்டருக்குக் குறைவான படகுகளில் கண்காணிப்புக் கருவி இல்லை. ஆகவே அந்த நீலக் கோடுகளைத் தவிர எங்களிடம் வேறு ஆதாரம் கிடையாது. அவற்றைப் பார்த்த பின்னரே, உனக்குத் திட்டப் பகுதியின் தெற்கில் தொழில் எதுவும் இல்லை, எனவே நான் பணியில் தொடரலாம் என்று அலுவலகம் முடிவு செய்தது.

வடக்குப் பாதி முழுவதும் நீலம். தெற்கே ஓர் ஆப்பு வடிவ இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. துணைமின் நிலையத்தை அதன் நடுவில் வைத்தேன். எல்லாக் காற்றாலைகளின் கேபிள்களும் அங்கேதான் வந்து சேரும். கேபிள்கள் நெருங்கும் இடத்தில் நங்கூரம் போட முடியாது, வலை இறக்க முடியாது. ஆகவே எவருக்கும் தேவைப்படாத இடமாகத் தேடினேன். ஆறாண்டு வேலையில் எனக்கு முழு நிறைவளித்த கோடு அது ஒன்றுதான்.

"அங்க யாரும் இல்லன்னு யார் சொன்னது?" என்று நீ கேட்டாய். உங்கள் வரைபடம் என்றேன். நீ சிரித்தாய். உன்னைத் தவிர ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு காப்பிக்குக்கூட நிற்காமல் போய்விட்டாய்.

ஏன் சிரித்தாய் என்று அறிய விரும்புகிறேன்.

ட்ரோல்ஸ் பியர்கோர்


நோர்சுண்ட்
மார்ச் 21

மாண்புமிகு நீங்கள் அவர்களுக்கு,

முதலில் ஒரு செய்தி. கேக்கை ஓலுஃபின் நாய் தின்றுவிட்டது. நாய்க்கு விதி எதுவும் இல்லையாம்.

இங்கே தபால்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய் நாளாகிறது. கடிதத்தைக் கடையில்தான் கொடுக்க வேண்டும். கடைக்காரி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பிக்கா? கையாலயா எழுதின? யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்பாள். இன்னும் இல்லை என்று சொல்லப்போகிறேன்.

இடைவெளி என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் சின்ன வயதில் நீ ஐஸ் பெட்டிக்குள் விழுந்து அழுததைப் பார்த்தவர்கள். உன்னைத் தூக்கியவனே ஓலுஃப்தான். உனக்கும் எனக்கும் என்ன உறவு என்று தெரியாத ஒரே ஆள், உன்னோடு வந்து விளக்கப் படம் காட்டிய பையன். அவனை ஏமாற்றுவதற்காகவா என்னை அரசியாக்கினாய்?

ஏன் சிரித்தேன் என்று கேட்டாய். வரைபடம் எப்படி வரையப்பட்டது என்று சொல்கிறேன், கேள்.

ஏலக்கூடத்துக் காப்பி அறையில் ஒரே மேசை. அதன் மேல் உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த வரைபடம், ஆளுக்கு ஒரு தாள். ஆளுக்கு ஒரு நீலப் பென்சில். எனக்கு வலப்பக்கம் பிரேபன், இடப்பக்கம் ஓலுஃப். பிரேபனை உனக்குத் தெரியும். பன்னிரண்டு மீட்டருக்கு மேல் போனால் கருவி வைக்க வேண்டும் என்பதற்காகவே பதினொன்று புள்ளி ஒன்பதில் இழுவைப் படகு கட்டியவன். முன்மூக்கை ரம்பத்தால் அறுத்துத் தள்ளியது போலிருக்கும். தான் போகும் இடம் தெரியக் கூடாது என்று படகின் மூக்கையே அறுத்தவன், நீ பென்சில் கொடுத்தவுடன் அந்த இடத்தை வரைந்து காட்டுவான் என்று எப்படி நம்பினாய்?

அவன் என் தாளைப் பார்த்தான். நான் அவன் தாளைப் பார்த்தேன். ஓலுஃப் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லி எங்கள் இரண்டு பேருடையதையும் பார்த்தான். பிறகு எல்லோரும் வரைந்தோம். நான் வாழ்நாளில் எட்டிக்கூடப் பார்க்காத இடத்தைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டேன். உங்கள் ஆலோசகப் பெண், "இவ்வளவு தெளிவா யாரும் குறிச்சுக் குடுத்ததில்ல," என்று என்னைப் பாராட்டினாள்.

நீ நம் வீட்டில் வளர்ந்தவன்தானே? அப்பா கரைக்கு வந்ததும், எங்கே போயிருந்தாய் என்று யார் கேட்டாலும் என்ன சொல்வார்? "வெளியே." பாதிரியார் கேட்டாலும் வெளியே. அம்மா கேட்டாலும் வெளியே. படகு வானொலியில் ஒருவன் வாய் ஓயாமல் பேசினால் அவன் வலையில் ஒன்றும் இல்லை என்று பொருள். ஒருவன் பேச்சை நிறுத்தினால்தான் மற்றவர்கள் காதைத் தீட்டுவார்கள். நீ அதிகமாகப் படித்ததில் இது அழிந்துபோயிற்று போலிருக்கிறது.

வெள்ளையாக இருந்த இடத்தில் யாரும் இல்லை என்று மேடையில் நின்று கம்பீரமாகச் சொன்னாய். சிரிக்காமல் என்ன செய்வது? அழுதால் பிரேபன் பார்த்துவிடுவான்.

ரிக்மோர்


கோபன்ஹேகன்
மார்ச் 27

அன்புள்ள ரிக்மோர்,

உன் கடிதம் கிடைத்தது. இதற்கு மேல் படிப்பதற்கு முன் ஒன்றை மனத்தில் வை: அந்த இடம் எதுவென்று எனக்கு எழுதாதே. கடிதத்தில் மட்டுமல்ல, தொலைபேசியிலும், வாழ்த்து அட்டையிலும்கூட வேண்டாம். திட்டம் தொடர்பான எந்தத் தகவல் என்னை வந்தடைந்தாலும் அதைக் கோப்பில் சேர்ப்பது என் கடமை. கோப்பில் சேர்ந்த எதையும் நாட்டில் எவரும் கேட்டுப் பெறலாம்.

உன் கடிதத்தில் இடம் எதுவும் இல்லை. இருமுறை படித்து உறுதி செய்துகொண்டேன். ஆனால் தெற்குப் பகுதியில் உனக்குத் தொழில் இருக்கிறது என்பதை அதைப் படித்தவன் புரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. நானும் புரிந்துகொண்டேன். ஆகவே நேற்று என் உதவி அலுவலர் மெரெட்டாவை அழைத்து, நான் திட்டத்திலிருந்து விலகுவதாகச் சொன்னேன்.

அவள், "ஆறு வருஷம் ட்ரோல்ஸ். இன்னும் ஆறு மாசம்தான் இருக்கு," என்றாள். எவ்வளவு மிச்சம் என்பது விதியில் இல்லை என்றேன். எந்த இடம் என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது உண்மை, உண்மையாகவே இருக்கட்டும்.

இனி நீ செய்யக்கூடியது இது. ஏப்ரல் 25 வரை எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். மறுப்பில் இடத்தின் எல்லை, மீன் வகை, மாதங்கள் ஆகியவை இருக்க வேண்டும். மறுப்புகள் அனுப்புபவரின் பெயரோடு வெளியிடப்படும். துணைமின் நிலையத்தைச் சிறிது தூரம் நகர்த்துவது தொழில்நுட்ப ரீதியில் கடினமல்ல. காரணம் இருந்தால் மெரெட்டா நகர்த்துவாள். காரணம் இல்லாமல் நகர்த்த மாட்டாள். அவளை நான் பயிற்றுவித்தேன்.

வெளியே என்ற சொல்லை நான் மறக்கவில்லை. அதுவும் ஒரு தகவல் என்று மட்டும் நான் ஒருபோதும் எண்ணியதில்லை.

ட்ரோல்ஸ்


நோர்சுண்ட்
ஏப்ரல் 6

ட்ரோல்ஸ்,

நேற்று முன்தினம் பிரேபன் வீட்டுக்கு வந்தான். கையில் பாதாம் பேஸ்ட்ரி. அவன் என் வீட்டுக்குள் கால் வைத்து எத்தனையோ ஆண்டுகளாகிறது. பேஸ்ட்ரியோடு வந்தது இதுவே முதல் முறை.

ஒரு கோப்பைக் காப்பி குடிக்கும்வரை வானிலை பேசினான். பிறகு, "அன்னைக்கு ஏன் சிரிச்ச?" என்றான்.

"தம்பியோட டையைப் பாத்து."

"நல்ல டைதான். தெக்கால ஏதாவது இருக்கா?"

"தண்ணி இருக்கு."

"அது சரி. வேற?"

"உப்பு."

அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசையில் விரித்தான். உன் கையெழுத்து. திட்டப் பகுதியின் தெற்கில் என் நெருங்கிய உறவினர் ஒருவருக்குத் தொழில் சார்ந்த தொடர்பு இருப்பதாக நம்பக் காரணம் உண்டு, ஆகவே விலகிக்கொள்கிறேன். இரண்டு வரி. ஒரு கமா கூடத் தப்பில்லை. கோப்பைக் கேட்டு எழுதினானாம். உங்கள் அலுவலகம் இரண்டே நாளில் அனுப்பிவிட்டதாம். இவ்வளவு மரியாதையான அலுவலகத்தைப் பார்த்ததே இல்லை என்று சொன்னான்.

"நெருங்கிய உறவினர் யாருன்னு தெரியல," என்றான். "உங்க சித்தப்பா செத்து இருபது வருஷமாச்சு. அப்ப யாரா இருக்கும்?" சொல்லிவிட்டு மிச்சப் பேஸ்ட்ரியைத் தானே தின்றான்.

நீ பொய் சொல்லவில்லை. யாரிடமும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. எழுதி வைத்தாய், அவ்வளவுதான். எனக்கு எழுதாதே, கோப்பில் ஏறிவிடும் என்று என்னை எச்சரித்த அதே வாரத்தில் நீயே ஏற்றியிருக்கிறாய். ஒரு பூட்டைச் செய்து மாட்டிவிட்டு, பூட்டியிருக்கிறது என்று கதவிலும் எழுதி வைப்பவனை நான் என்ன சொல்லித் திட்டுவது?

இப்போது நான் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினால் அறுந்த மூக்கும் கிளம்புகிறது. வடக்கே போகிறேன், பின்னால் வருகிறான். வெறுங்கடலில் வலை இறக்குகிறேன். சற்றுத் தள்ளி நின்று கையசைக்கிறான். இது ஏப்ரல், பரவாயில்லை. மே பிறந்தால் பெரிய தட்டைமீன் ஏறி வரும். அந்தச் சில வாரங்கள்தான் என் 'எல்லன்' படகை ஆண்டு முழுவதும் மிதக்க வைக்கின்றன. நான் அங்கே போயாக வேண்டும். போனால் அவன் பார்ப்பான். அது சின்ன இடம். என் நிலைவலை எடுப்பது ஒரு பங்கு. அவன் இழுவை வலை இரண்டு முறை போனால் அடுத்த ஆண்டுக்குக் குஞ்சு மிஞ்சாது.

உன் வழிப்படி மறுப்பு எழுதினால் எல்லை, மீன், மாதம் எல்லாவற்றையும் நானே பெயர் போட்டு வெளியிட வேண்டும். எழுதாவிட்டால் அங்கே உன் மின் நிலையம் உட்கார்ந்துவிடும். இரண்டு பக்கமும் எனக்குத்தான் நஷ்டம்.

நேரடியாகவே கேட்கிறேன். கோடு போட்டவன் நீ. அழித்துச் சற்றுத் தள்ளிப் போடு என்று அந்த மெரெட்டாவிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லையா?

ரிக்மோர்


கோபன்ஹேகன்
ஏப்ரல் 11

அன்புள்ள ரிக்மோர்,

இல்லை. சொல்ல மாட்டேன்.

விலகியவன் விலகிய விஷயத்தில் ஒரு வார்த்தை சொன்னாலும் அது விலகல் ஆகாது. மெரெட்டா கேட்கவும் மாட்டாள். கேட்டால் அதையும் எழுதி வைப்பாள். எங்கள் அறைகளுக்கு நடுவே உள்ள கண்ணாடிக் கதவை அவள் இப்போது மூடி வைக்கிறாள். மதிய உணவின்போது வேறு மேசைக்குப் போகிறாள். அவள் செய்வது சரி. தனியே அமர்ந்து என் கறுப்பு ரொட்டியைத் தின்கிறேன்.

குறிப்பு எழுதியது குறித்து: உள்ளதை எழுதினேன், எழுதியே ஆக வேண்டியிருந்தது. ஆனால் 'தெற்கில்' என்ற சொல் தேவையில்லை. 'திட்டப் பகுதியில்' என்று எழுதியிருந்தாலும் விதி நிறைவேறியிருக்கும். துல்லியமாக இருக்க வேண்டும் என்ற பழக்கத்தால் அச்சொல்லைச் சேர்த்தேன். அந்த ஒரு சொல்லுக்கு நான் பொறுப்பு. மற்றவற்றுக்கு அல்ல.

இனி நான் எழுதப்போவது ஆலோசனை அல்ல. ஆலோசனை சொல்லும் உரிமை எனக்கு இல்லை. கருத்துக்கேட்பு வழிகாட்டிக் கையேடு என்ற ஒன்று உண்டு. அதன் படிகளை உங்கள் துறைமுகத்துக்கு அனுப்பியிருந்தோம். ஏலக்கூடத்தில் ஆடும் மேசையின் காலுக்கு அடியில் ஒரு படி இருந்ததைக் கூட்டத்தன்று பார்த்தேன். அதை எவரும் படிக்கலாம். எவரும் படிப்பதில்லை. தரவு அளித்தவர்கள் குறித்த ஒரு பிரிவு அதில் இருக்கிறது. நானே எழுதிய பிரிவு. தாம் அளித்த தரவு தவறென்று கருதுபவர் அதைத் திரும்பப் பெறலாம். சரியான தரவு எது என்று சொல்ல வேண்டும் என்று அப்பிரிவில் எங்கும் இல்லை. சேர்க்க மறந்துவிட்டேனோ என்று நேற்று எடுத்துப் படித்துப் பார்த்தேன், மறந்திருக்கிறேன்.

ஒரு கணக்கை மட்டும் நினைவில் வை. ஒருவர் மட்டும் தன் கோடுகளைத் திரும்பப் பெற்றால் வரைபடத்தில் வெள்ளை இன்னும் அதிகமாகும். ஒன்பது பேரும் பெற்றால் வரைபடமே இருக்காது.

ட்ரோல்ஸ்


நோர்சுண்ட்
ஏப்ரல் 24

ட்ரோல்ஸ்,

உன் கையேட்டை மேசைக் காலுக்கு அடியிலிருந்து உருவினேன். மேசை ஆடியது, பிரேபனின் காப்பி கொட்டியது. நல்ல தொடக்கம்.

ஒன்பது பேரையும் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தேன். மேல்காற்று அடித்த நாள். யாராலும் கடலுக்குப் போக முடியாது. ஆகவே எல்லோரும் வந்தார்கள். நீ எழுதிய பிரிவைச் சத்தமாகப் படித்தேன். யாருக்கும் புரியவில்லை. மனிதர் பேசும் டேனிஷ் மொழியில் திரும்பச் சொன்னேன்.

பிறகு கேட்டேன். "வரைபடத்துல யாரு உண்மையா குறிச்சீங்க? கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. நாய்கூடத் தலையைக் கீழே போட்டுக்கொண்டது.

பிரேபன்தான் முதலில் வாய் திறந்தான். "நான் குறிச்ச இடத்துல அடியில பெரிய கல்லு. என் வலை கிழிஞ்சுது. நீங்களும் போய்க் கிழிச்சுக்குங்களேன்னு குறிச்சேன்."

"பாவி," என்றான் ஓலுஃப். "என் கயித்தை அறுத்தது அந்தக் கல்லுதானா?"

"அப்ப என் தாளைப் பாத்துதான் போனியா நீ? கண்ணாடி மறந்துட்டேன்னு சொன்ன?"

பாதி அறை சிரித்தது. ஆனால் கையெழுத்து என்று வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பிரேபன் நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்தான். "என் கையெழுத்து இல்லாம உனக்கு ஆகாது. இல்லையா ரிக்மோர்?"

"ஆகாது."

"அப்ப எங்கன்னு சொல்லு. இப்பவே போடறேன்."

அவன் கேட்டது எல்லோருக்கும் வேண்டியதுதான். வரைபடம் மேசை மேல் விரிந்து கிடந்தது. ஒரு விரலை வைத்தால் போதும், என் இடம் மின் நிலையத்திடமிருந்து தப்பிவிடும். அதோடு என்னிடமிருந்தும் போய்விடும். விரலை மடக்கிக்கொண்டேன். "மொதல்ல நீ சொல்லு," என்றேன். "பனி கொட்டற ஜனவரியில, எல்லாரும் படகைக் கட்டிப் போட்டப்புறம், நீ மட்டும் எங்க போற?"

அவன் வரைபடத்தின் ஓரத்தை விரலால் தேய்த்தான்.

"செப்டம்பர்ல நான் தூண்டில் போட எங்க போறேன்னும் கேளேன்," என்று ஓலுஃப் தனக்குள் சொல்வது போலச் சொன்னான்.

ட்ரோல்ஸ், அப்போதுதான் பார்த்தேன். ஒன்பது பேரும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீலத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் ஒரே வெள்ளையில் போய் நின்றது. நின்றது தெரிந்ததும் எல்லோரும் அவசரமாகக் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தோம்.

நான் மே மாதத்தில் தட்டைமீனுக்கு. அவன் ஜனவரியில். ஓலுஃப் செப்டம்பரில் காட் மீனுக்கு. மற்றவர்கள் எப்போது என்று தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. எனக்கு மட்டும் தெரிந்த இடம் என்று இத்தனை காலம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். ஒரே வீட்டில் ஆளுக்கு ஒரு பருவமாகக் குடியிருந்திருக்கிறோம், ஒருவரையொருவர் வாசலில்கூடச் சந்திக்காமல். இரண்டு இழுப்பில் குஞ்சு மிஞ்சாது என்று எழுதினேனே, அவன் எனக்கும் முன்பிருந்தே இழுத்துக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது. மீன் மிஞ்சித்தான் இருக்கிறது.

பிரேபன் நாற்காலியை நேராக்கினான். "அந்தப் பேனாவைக் குடு," என்றான். முதல் கையெழுத்து அவனுடையது.

கடிதத்தில் என்ன எழுதுவது என்று அதன் பிறகு பெரிய சண்டை. கடைசியில் இரண்டு வரியோடு நிறுத்தினோம். 'நாங்கள் குறித்துக் கொடுத்த இடங்களில் நாங்கள் மீன் பிடிப்பதில்லை. குறிக்காத இடங்களைப் பற்றி எங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை.' ஒன்பது கையெழுத்து. அலுவலகத்துக்கு நேற்றே போய்விட்டது. உனக்கு இதைக் கடைசி நாளுக்கு முந்தைய நாள் எழுதுகிறேன். நாளை மறுநாள்தான் கிடைக்கும். நீ இதில் சம்பந்தப்பட்டாய் என்று யாரும் சொல்லக் கூடாது. பார், நானும் விதி கற்றுக்கொண்டேன்.

அறுந்த மூக்கு என் பின்னால் வருவதை நிறுத்திவிட்டது. எங்கே போகிறேன் என்று இப்போதும் கேட்கிறான். நான் சொல்வதில்லை. கேட்காமல் இருந்தால் மரியாதையாக இருக்காது என்பதற்காகக் கேட்கிறான்.

ரிக்மோர்


கோபன்ஹேகன்
ஜூன் 19

அன்புள்ள ரிக்மோர்,

முடிவு இன்று வெளியானது. மற்றக் குடிமக்களைப் போல நானும் இணையத்தில்தான் படித்தேன். மெரெட்டா கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அமர்ந்திருந்தாள். நான் படிப்பதை அவள் பார்த்தாள். நாங்கள் இருவரும் தலையசைத்துக்கொள்ளவில்லை.

வரைபடம் தள்ளுபடி செய்யப்பட்டது. அதோடு நான் தேர்ந்த இடமும். வெள்ளைக்கு அருகே நீலம் இருந்ததால்தான் அது வெள்ளை. நீலம் பொய்யென்றால் வெள்ளைக்கும் பொருள் இல்லை. இவ்வளவு எளிய விஷயத்தை ஆறாண்டுகளில் நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் மெரெட்டா அத்தோடு நிற்கவில்லை. உங்கள் இரண்டு வரியின் முதல் வரியை எடுத்துக்கொண்டாள். நாங்கள் இங்கே மீன் பிடிப்பதில்லை என்று ஒரு துறைமுகத்தின் எல்லா மீனவர்களும் கையெழுத்திட்டு உறுதி சொன்ன இடம் நம் கடலில் வேறெங்கும் இல்லை. ஆகவே துணைமின் நிலையம் வடக்கே, நீங்கள் நீலமாகத் தீட்டிய இடத்துக்குப் போகிறது. கேபிள்கள் அதன் பின்னே போகின்றன. காற்றாலைகளின் வரிசையும் சற்று வடக்கே சரிகிறது. உன் அழகான வட்டம் ஏறத்தாழ முழுவதும் அடங்கிவிட்டது. நீங்களே எழுதிக் கொடுத்தது என்பதால் இனி எவரும் மறுப்புச் சொல்ல முடியாது.

அங்கே கடலடியில் பெரும் பாறைக்கல் ஒன்று இருப்பதாக ஆய்வுக் கப்பல் அறிவித்திருக்கிறது. கேபிள் போடுவதற்கு முன் அதை அகற்றுவார்கள். பிரேபனிடம் சொல்: அவன் வலையைக் கிழித்த கல்லை அரசாங்கம் எடுத்துத் தரப்போகிறது.

மெரெட்டாவின் கோடு என் கோட்டைவிட அழகானது என்று சொல்ல மாட்டேன். ஓரிடத்தில் விகாரமாக வளைகிறது. ஆனால் அவள் கோட்டுக்கு ஒன்பது கையெழுத்துகள் இருக்கின்றன. என்னுடையதற்கு இருந்தது வெற்றுத்தாள்.

எனக்கு வேறு பணி தந்திருக்கிறார்கள். துறைமுகங்களில் தோண்டும் மணலை எங்கே கொட்டலாம் என்று அனுமதி வழங்கும் வேலை. மணலுக்கு உறவினர்கள் இல்லை.

ட்ரோல்ஸ்


நோர்சுண்ட்
ஜூலை 1

ட்ரோல்ஸ்,

பிரேபன் கல்லைப் பற்றிக் கேட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தான். மறுநாள் யோசனையாகிவிட்டான். கல் போய்விட்டால் அங்கே நல்ல தரையாகிவிடுமே, தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டோமோ என்கிறான்.

உனக்கு இந்த மாதம் விடுமுறை. வா. கேக் சுடுகிறேன். நான் எந்தத் திட்டத்திலும் கருத்துச் சொல்லாத வெறும் அக்கா இப்போது. தின்னலாமா என்று உன் கையேட்டைப் பார்த்து எழுது. படகில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் உண்டு. மீன் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. டை வேண்டாம்.

ரிக்மோர்


கோபன்ஹேகன்
ஆகஸ்ட் 5

அன்புள்ள ரிக்மோர்,

உன் வீட்டிலிருந்து திரும்பிய ரயிலில் எனக்கு எதிரே அமர்ந்திருந்தவர் இருக்கை மாறிப் போனார். மேலங்கியைத் துவைத்துவிட்டேன், மீன் வாடை இன்னும் போகவில்லை. எழுந்திருக்கும்போது முழங்கால் வலிக்கிறது. கேக் நன்றாக இருந்தது. அன்று சொல்ல மறந்துவிட்டேன்.

படகு துறைமுகச் சுவரைத் தாண்டியதும் நீ சமையல் துண்டை எடுத்து, படகு இருக்கும் இடத்தைக் காட்டும் கருவித் திரையின் மேல் போட்டு மூடினாய். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. வலை மேலேறி வந்தபோதுதான் அது எனக்காகப் போட்ட துண்டு என்று புரிந்தது. தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்ல என்னால் முடியும். தெரிந்த ஒன்றை அப்படிச் சொல்ல முடியாது. இது உனக்குத் தெரிந்திருக்கிறது. திசைகாட்டியின் பக்கம் நானும் திரும்பவில்லை. திரும்பும் வழியில் பிரேபன் எதிரே வந்து கையசைத்தான். எங்கே போய் வருகிறீர்கள் என்று கத்தினான். நீ பதிலுக்குக் கையை மட்டும் அசைத்தாய்.

நேற்று வேலைக்குப் போனதும் மெரெட்டாவின் அறைக்குச் சென்றேன். கண்ணாடிக் கதவைத் தட்டினேன். திட்டக் கட்டுமானம் முடியும்வரை, விலகிய அலுவலர் அப்பகுதியைச் சார்ந்தவர்களோடு கொண்ட தொடர்பைத் தெரிவிக்க வேண்டும். கேட்க வேண்டியது அவள் கடமை. அவள் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"லீவுல எங்க இருந்த?"

"அக்கா வீட்டுல."

"படகுல போனியா?"

"போனேன்."

"எங்க?"

இதற்கு என்ன சொல்வதென்று ரயிலிலேயே யோசித்து மூன்று பத்திகள் தயாரித்து வைத்திருந்தேன். ஆட்சேபத்துக்கு இடமில்லாத பத்திகள். அவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை.

"வெளியே," என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் வேறெதுவும் சேர்க்கவில்லை. பேனாவை எடுத்தாள், தேதியைப் போட்டாள், அந்தச் சொல்லை நான் சொன்னபடியே எழுதி, கையெழுத்திடச் சொன்னாள். இட்டேன். அதன் பின் இருவரும் ஒரே மேசையில் மதிய உணவு உண்டோம்.

கோப்பில் அது என் வாக்குமூலமாக இருக்கிறது. பிரேபன் விரும்பினால் கேட்டுப் பெற்றுப் படித்துக்கொள்ளலாம்.

உன் தம்பி
ட்ரோல்ஸ்